ரிப்பன் கட்டிய வெப்சைட்

வெப்சைட் கன்வீனர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததே இல்லை என்று சாதிப்பீர்களானால், இந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

இவர் வெப்சைட் செய்கிறவர் அல்ல, செய்விக்கிறவர். ஏதாவது ஒரு சங்கத்திலோ, வாசகசாலையிலோ, பழைய மாணவர் மன்றத்திலோ, "காலம் போற போக்கைப் பார்த்தா நமக்கும் ஒரு வெப்சைட் வேணாமா?" என்று யாரோ ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்; யார் தலையில் கட்டலாம் என்று தெரியாமல் எல்லோரும் மேலே சுற்றும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்; அப்போது மின்விசிறியைப் பார்க்காமல் தலைவரின் கண்ணையே பார்த்தபடி ஒருவர் இலேசாகத் தொண்டையைச் செருமுவாரே, அவர்தான். அவருக்கு இணையத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? தெரிந்தவன் எவனாவது இந்தப் பொறுப்பை ஏற்பானா?

இந்த இனம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் நான் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கும் கல்லேப்பாறையில் இது கொழுத்து வளர்கிறது. ஈரமான மலைச்சரிவு. ரப்பர், மிளகு, கமிட்டி மூன்றும் இங்கே தண்ணீர் ஊற்றாமலே வரும். பத்துப் பேர் ஓரிடத்தில் கூடிவிட்டால், ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், ஒரு செயலாளர், இரண்டு இணைச் செயலாளர்கள், ஒரு பொருளாளர், மூன்று ரட்சாதிகாரிகள், அதாவது புரவலர்கள், என்று பத்துப் பேருக்கும் பதவி கிடைத்துவிடும். உறுப்பினர் என்று சொல்ல ஒரு ஆள் மிஞ்சமாட்டார். எங்கள் 'ஐக்கியம் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்' கமிட்டியில் இருபத்தாறு பேர். அதில் நானும் ஓர் இணைச் செயலாளர். தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவதும் கொண்டுவருவதும் தவிர இணைச் செயலாளருக்கு வேலை கிடையாது. அதனால்தான் நடந்ததையெல்லாம் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

எங்கள் கன்வீனர் இட்டிச்செறியா சார். ஓய்வுபெற்ற சப்-ரிஜிஸ்ட்ரார். ஒரு காகிதம் நிஜமா பொய்யா என்பதை அதில் எழுதியிருப்பதைப் படிக்காமல், முத்திரையைத் தடவிப் பார்த்தே முப்பத்தொரு வருஷம் முடிவு செய்தவர். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். இந்த இனத்தின் பெரிய ஆபத்தே அதுதான். கெட்டவர்களாக இருந்தால் ஒதுங்கிப் போய்விடலாமே.

வெப்சைட் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஓணத்துக்கும் எங்கள் கிளப் வடம்வலி நடத்தும். தடித்த கயிற்றின் இரண்டு முனையிலும் பக்கத்துக்கு ஏழு பேர் நின்று இழுப்பது. முதல் பரிசு ஒரு கிடா ஆடு. இரண்டாம் பரிசு ஆள் உயர நேந்திரங்குலை. மூன்றாம் பரிசு ஒரு சேவல். போன வருஷம் பெண்களுக்கும் ஒரு பிரிவு வைப்பதாகப் பெரிய மனசோடு அறிவித்தார்கள். பரிசு குக்கர். ஒரு அணிகூட வரவில்லை. ஏன் வரவில்லை? யாருக்கும் தெரியாது. ஏன் தெரியாது? நோட்டீஸில் வாழ்த்துரை வழங்குவோர் என்று நாற்பத்தொரு பெயர் அச்சடித்ததில், பெயர் கொடுக்க வேண்டிய போன் நம்பருக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

அதில் மனசு விட்டுப் போனவள் லின்ஸி. கடைத்தெரு மாடியில் ஒற்றை அறையில் உட்கார்ந்து, பல் டாக்டர், கேட்டரிங்காரர், நாய்க்குட்டி வளர்ப்பவர், ஆயுர்வேத எண்ணெய்க் கடை என்று சின்னச் சின்ன ஆட்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவள். எங்கள் ஊர்ப் பெண்கள் அணியில் ஆறாவது ஆள். ஏழாவது ஆள், அதாவது கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நங்கூரம் மாதிரி நிற்பவள், ஓமனச் சேச்சி. தினமும் காலையில் முந்நூற்றைம்பது ரப்பர் மரம் பால் வெட்டுகிறவள். அவளை அசைக்க லாரி வேண்டும்.

லின்ஸி கமிட்டிக்கு வந்து சொன்னாள்: "வெப்சைட்ட நான் சும்மாவே செஞ்சு தர்றேன். பதிலுக்குப் பொம்பளைங்க போட்டி நடக்கணும். பரிசு கிடா."

தலைவர் சுகதன் சேட்டன் ஹார்டுவேர் கடைக்காரர்; எதையும் எடை போட்டுத்தான் கொடுப்பார். "அத்தம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கமிட்டி கூடும். அதுக்குள்ள எட்டு அணி பேர் கொடுத்திருந்தா போட்டி, கிடா, எல்லாம் உண்டு. எட்டுல ஒண்ணு குறைஞ்சாலும் இல்ல. அதுக்கப்புறம் வருஷா வருஷம் இதைக் கேட்டுக்கிட்டு வரக் கூடாது."

"சரி," என்றாள் லின்ஸி. அத்தம் என்பது ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் பூக்கோலம் போடத் தொடங்கும் நாள்; கையில் ஆறு வாரம் இருந்தது. எட்டு அணி என்ன, எண்பதே வரும் என்று நினைத்தாள். பாவம், வெப்சைட்டுக்கு ஒரு கன்வீனர் இருப்பார் என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த இனத்தை அடையாளம் காண எளிய வழி அதன் முதல் வாக்கியம்தான். இட்டிச்செறியா சாரும் அதைத்தான் சொன்னார்.

"மோளே, நமக்கு ரொம்ப சிம்பிளா இருந்தா போதும். கிளப் பேரு, போட்டி விவரம், பேர் கொடுக்க ஒரு இடம். தீர்ந்துச்சு."

இரண்டே நாளில் அப்படியே செய்துவிட்டாள். மேலே ஒரு கயிறு, கீழே தேதி, நடுவில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு பட்டன்கள், 'ஆண்கள் அணி', 'பெண்கள் அணி'. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேலே போனார். கீழே வந்தார். மறுபடி மேலே போனார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல நாம எங்க?"

"நாமன்னா?"

"நாம. கமிட்டி."

"சாரே, இது பேர் கொடுக்கிற பக்கம்."

"யாருகிட்ட பேர் கொடுக்கிறோம்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

நியாயம்தானே? கன்வீனர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தலை சுற்றும். 'சிம்பிள்' என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் ஒரே பொருள்: ஒருத்தர் பெயரும் விட்டுப்போகாமல் இருப்பது.

மறுநாள் இருபத்தாறு புகைப்படங்கள் வந்தன. எல்லாம் வாட்ஸ்அப்பில், சுவரில் மாட்டியிருந்த படத்தைச் சாய்வாக நின்று போனில் எடுத்த படங்கள். கண்ணாடிச் சட்டத்தில் எடுத்தவரின் வயிறும் பிரதிபலித்தது. ஒரு துணைத் தலைவர் தன் இளமைக்காலப் படத்தை அனுப்பியிருந்தார், அதில் உள்ளதில் மீசை மட்டும்தான் இப்போதும் அவரிடம் இருக்கிறது. இட்டிச்செறியா சாரின் படம் மகள் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது. அவர் தோளில் மோதிரம் போட்ட ஒரு கை தனியாக உட்கார்ந்திருந்தது.

"சாரே, இந்தக் கையை எடுத்துடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் மோளே. அது பிஷப்போட கை."

கை இருந்தது.

பிறகு நிறம். லின்ஸி வானத்து நீலம் போட்டிருந்தாள். "நீலமா? அது மாதா கோவில்ல கொடியேத்துற நிறம். மத்தவங்க என்ன நினைப்பாங்க?" பச்சை? ஒரு கட்சி. சிவப்பு? இரண்டு கட்சி, அவை இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. மஞ்சள்? ஒரு சமுதாயச் சங்கம். காவி என்று லின்ஸி பேச்சுக்குச் சொன்னபோது சார் ஜன்னலைச் சாத்தினார். வெள்ளை? "சாவு நோட்டீஸ் மாதிரி இருக்கும்." கடைசியில், கல்லேப்பாறையில் எந்தக் கட்சிக்காரரும், எந்தச் சாதிக்காரரும், எந்தக் கோவில்காரரும் ஆட்சேபிக்க முடியாத ஒரு நிறம் கிடைத்தது. புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டின் பழுப்பு. எல்லோர் வீட்டுப் புகையறையிலும் அது தொங்குகிறதல்லவா? இப்போது வெப்சைட்டைத் திறந்தால் பார்ப்பதற்கு முன்பே அந்த நாற்றம் வருவதாக ஓமனச் சேச்சி சொல்கிறாள்.

நிறம் முடிந்ததும் சின்னம். புத்தகம், பந்து, கயிறு, குத்துவிளக்கு, உதிக்கும் சூரியன், கைகுலுக்கும் இரண்டு கைகள், பின்னணியில் மலை எல்லாம் இருக்கும் வட்டம் அது. "இன்னும் கொஞ்சம் பெருசா" என்றார். பெரிதாக்கினாள். "இன்னும் துளி." நாலாவது துளியில் வட்டம் திரையைத் தாண்டிப் போய், சூரியனும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. அந்தக் கை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. முன்பே ஒரு கை இருந்ததால் பழகிப்போயிருக்க வேண்டும்.

அப்புறம் எழுத்து ஓட வேண்டும் என்றார். எந்த எழுத்து? 'ஐக்கியத்துக்கு நல்வரவு' என்ற எழுத்து. ஏன் ஓட வேண்டும்? "நின்னா யாரு பார்ப்பா?" ஓடவிட்டாள். ஆனால் சார் எதையும் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ளும் வழக்கமுடையவர் அல்ல. மொத்த வெப்சைட்டையும் பதினான்கு தாளில் பிரிண்ட் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, மாடிப்படி ஏறி வந்து கொடுப்பார். முதல் தாளில் எழுதியிருந்தது: 'எழுத்து ஓடவில்லை. நிற்கிறது. கவனிக்கவும்.'

புகைப்பட வரிசையில்தான் உண்மையான யுத்தம். கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரு வரிசைக்கு மூன்று பேர், எல்லோரும் சமம். போனில் பார்த்தால் ஒருவர் கீழ் ஒருவர். துணைத் தலைவர் இருவரில் ஒருவர் தன் போனில் மற்றவரின் காலடியில் தான் கிடப்பதைக் கண்டு இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. முதல் பரிசான கிடாவின் படம் பொருளாளருக்கு மேலே வந்துவிட்டது வேறு. அது கிடா என்று கீழே எழுதியிருந்தும் பொருளாளருக்கு ஆறவில்லை. லின்ஸி யோசித்து, திறக்கும் ஒவ்வொரு தடவையும் படங்கள் இடம் மாறி வரும்படி செய்தாள். ஐக்கியத்தில் எல்லோரும் முதல்வர்களே! இட்டிச்செறியா சார் அன்று பதினொரு முறை திறந்து மூடினார். பன்னிரண்டாவது முறை அவரும் பிஷப்பின் கையும் முதலில் வந்தார்கள். உடனே அதைப் பிரிண்ட் எடுத்து 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் அந்தப் 'பெண்கள் அணி' பட்டன் என்ன ஆயிற்று? முதலில் திரையின் நடுவில் இருந்தது. தலைவரின் செய்தி வந்தபோது ஒரு படி இறங்கியது. ரட்சாதிகாரிகள் மூவரின் வாழ்க்கைக் குறிப்புகள் வந்தபோது மூன்று படி. கிளப்பின் வரலாறு, கிளப் கட்டடத்தின் வரலாறு, கட்டடத்துக்கு நிலம் கொடுத்தவரின் குடும்ப வரலாறு என்று வர வர, அது பாதாளத்துக்கே போய்விட்டது.

"அடி லின்ஸி, அந்தப் பட்டனைத் தேடிப் போய்ச் சேர்றதுக்குள்ள நான் நூறு மரம் வெட்டிருவேன்டி," என்றாள் ஓமனச் சேச்சி. "இழுக்கிறது கயிறா, போனா?"

"கை பழகும் சேச்சி. இதுவும் ஒரு பயிற்சிதான்."

ஐந்து வாரத்தில், பத்தொன்பது திருத்தங்களுக்குப் பிறகு, வெப்சைட் தயாரானது. "இப்பத் திறந்துடட்டுமா சாரே?" என்று கேட்டாள் லின்ஸி. அத்தத்துக்கு ஒரு வாரம் இருந்தது. இட்டிச்செறியா சார் அவளைப் பார்த்த பார்வை, பத்திரத்தில் ரேகை வைக்காமலே பதிவு செய்யச் சொன்னவனைப் பார்க்கும் பார்வை.

"திறக்கிறதா? உத்காடனம் பண்ணாமலா?"

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கல்லேப்பாறையில் ஒரு பொருள் செய்து முடித்ததும் இருப்பதாகிவிடாது. திறந்துவைத்த பிறகுதான் இருக்கும். எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை கட்டி, பெயின்ட் அடித்து, பெஞ்சு போட்டு, குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பனும் கட்டிய பிறகு, திறந்துவைக்க வேண்டியவருக்குத் தேதி ஒழியாததால் அது நாலு மாதம் அப்படியே நின்றது. சரியான மழைக்காலம். ஜனங்கள் எல்லோரும் நிழற்குடைக்கு வெளியே, அதை முதுகில் உரசிக்கொண்டு, சொந்தக் குடை பிடித்து நின்று பஸ் ஏறினார்கள். ஒருத்தராவது ரிப்பனைக் குனிந்து உள்ளே போகவேண்டுமே? மாட்டார்கள். நானும் போகவில்லை. ஒரு ஆடு போனது. அதைக்கூட விரட்டினோம்.

"வெப்சைட்டுக்கு எதுக்கு சாரே ரிப்பன்?"

"நிழற்குடைக்கு மட்டும் எதுக்கு?"

திறந்துவைக்க அவர் பிடித்திருந்தது ஒரு சீரியல் நடிகரை. சீரியலில் கலெக்டராக வருபவர். நிஜக் கலெக்டரைவிட இவருக்கு ஊரில் மதிப்பு அதிகம். ஏனென்றால் இவர் தினமும் சரியாக எட்டரை மணிக்கு வந்துவிடுவார். அவருக்கு ஒரே ஒரு நாள்தான் ஒழிந்தது. அத்தம் நாள், சாயங்காலம் ஐந்து மணி.

லின்ஸி விரல் விட்டு எண்ணினாள். ஐந்துக்குத் திறப்பு விழா. ஆறுக்குக் கமிட்டி. நடுவில் ஒரு மணி நேரம். அதிலும் வாழ்த்துரைக்கு ஒன்பது பேர்.

"சாரே, எட்டு அணி எப்ப பேர் கொடுக்கும்?"

"திறந்ததும் கொடுக்கட்டும். யாரு தடுத்தா?"

நான் முன்பே சொன்னேன், கெடுதல் நினைக்கமாட்டார் என்று. பெண்கள் கயிறு இழுப்பதில் அவருக்கு ஒரு விரோதமும் கிடையாது. அவருக்கு முன்னால் ஒரு விழா இருந்தது. விழாவுக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான். சுகதன் சேட்டனுக்குத் தெரிந்தது. அவர் தீர்மானப் புத்தகத்தில் அத்தம் நாள் தீர்மானத்தை ஒரு வாரம் முன்பே எழுதிவைத்துவிட்டார்: 'பெண்கள் பிரிவில் போதிய அணிகள் பெயர் கொடுக்காததால் வருத்தத்துடன் ரத்து செய்யப்படுகிறது.' புத்தகத்தைத் தூக்குகிறவன் நானல்லவா? மாடிப்படி ஏறிப் போய் லின்ஸியிடம் சொன்னேன்.

அவள் கன்வீனருக்கு அங்கேயே போன் போட்டாள்.

"சாரே, வெப்சைட்ட சோதிச்சுப் பார்க்கலாமா?"

"சோதிக்காம எப்படி மோளே? அன்னிக்கு நடிகர் அழுத்தி, ஒண்ணும் வரலைன்னா மானம் போயிடும்."

"ஒரு நாலஞ்சு வெளியாளுங்கள விட்டு, பேர் கொடுக்கிற மாதிரி அழுத்திப் பார்க்கச் சொல்லட்டுமா?"

"நாலஞ்சு என்ன, நாற்பது பேரை விடு. நல்லா சோதி. ஆனா ஒண்ணு, திறக்கக் கூடாது."

"சே, திறப்பேனா?"

அன்றிலிருந்து ஒரு வாரம் வெப்சைட் சோதிக்கப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சோதித்தார்கள். நர்சிங் கல்லூரி விடுதிப் பெண்கள் சோதித்தார்கள். பக்கத்து ஊர் மீன் சந்தையிலிருந்து ஓர் அணி, தங்கள் ஏழு பேரின் எடையையும் குறிப்பிட்டு, ஜாக்கிரதையாக இருக்கும்படி மற்றவர்களை எச்சரித்துச் சோதித்தது. ஆண்கள் அணித் தலைவர்களும் கேள்விப்பட்டுக் கன்வீனருக்குப் போன் செய்தார்கள். "பொறுங்கடா. இன்னும் திறக்கல," என்றார் இட்டிச்செறியா சார். சட்டத்தை மதிக்கிற நல்ல பையன்கள். பொறுத்தார்கள்.

அத்தம் நாள் வந்தது. கிளப் முற்றத்தில் பூக்களம், பந்தல், பின்னால் கூட்டம். மேடையில் குத்துவிளக்கு, அதன் பக்கத்தில் பட்டுத்துணி விரித்த மேஜைமேல் லின்ஸியின் லேப்டாப், மூடியபடி, நெட்டுக்கும் குறுக்குக்கும் சிவப்பு ரிப்பன் சுற்றி, முடிச்சில் ஒரு ரோஜாப்பூவோடு. கல்யாணப் பரிசு மாதிரி இருந்தது. நடிகர் விளக்கேற்றினார். ஒன்பது பேர் வாழ்த்தினார்கள். ஒவ்வொருவரும் நேரமின்மையைக் குறிப்பிட்டுவிட்டு, நேரமின்மை பற்றியே பத்து நிமிஷம் பேசினார்கள். நடிகர் கத்தரிக்கோலை எடுத்தபோது மணி ஆறேகால். சுகதன் சேட்டன் என் கையிலிருந்த தீர்மானப் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ரிப்பன் வெட்டப்பட்டது. லேப்டாப் திறந்தது. பின்னால் கட்டியிருந்த பெரிய திரையில், லின்ஸி இந்த விழாவுக்கென்றே செய்த பட்டன் தெரிந்தது. அப்பளம் மாதிரி வட்டம். 'திறந்து வைக்க அழுத்தவும்.' அந்தப் பட்டனின் தொழில்நுட்ப ரகசியத்தை இப்போது சொல்வதில் தப்பில்லை. அதை அழுத்தினால் இருபது விநாடி பூ கொட்டும். வேறு ஒன்றும் ஆகாது.

நடிகர், சீரியலில் கோப்பில் கையெழுத்துப் போடும் அதே முகத்தோடு, அழுத்தினார். செண்டுமல்லியும் வாடாமல்லியும் திரையெல்லாம் கொட்டின. ஜனங்கள் கைதட்டினார்கள். பூ நின்றதும் ரப்பர் ஷீட் நிறத்தில் வெப்சைட் வந்தது. கிடா முதலிடத்தில் இருந்தது.

சுகதன் சேட்டன் மைக்கை வாங்கினார். "சந்தோஷம். இப்ப, எல்லாரும் பார்க்க, பொம்பளைங்க பிரிவுல எத்தனை அணி வந்திருக்குன்னு ஒரு தடவை காட்டிடலாம். அப்புறம் யாரும் எங்களைக் குறை சொல்லக் கூடாது."

லின்ஸி கீழே போனாள். போனாள். வரலாறுகளைத் தாண்டினாள், வாழ்க்கைக் குறிப்புகளைத் தாண்டினாள். பாதாளம் வந்தது.

ஆண்கள் பிரிவு: 0 அணிகள்.

பெண்கள் பிரிவு: 11 அணிகள்.

கைதட்டல் பாதியில் நின்றது. சுகதன் சேட்டன் திரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இட்டிச்செறியா சாரைப் பார்த்தார்.

"சாரே, இப்பத்தானே திறந்தோம்?"

"ஆமா."

"அரை நிமிஷம்கூட ஆகலையே?"

"ஆகல."

"அப்ப இந்தப் பதினொண்ணு எங்கிருந்து வந்துச்சு?"

இட்டிச்செறியா சாரின் முகத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முப்பத்தொரு வருஷம் காகிதத்தைத் தடவியே கள்ளத்தைக் கண்டுபிடித்தவர். அவருக்கு விளங்காமலா இருக்கும்? சோதித்த நாற்பது பேரும் ஒரு விநாடியில் அவர் கண்முன் அணிவகுத்திருப்பார்கள். வெப்சைட் ஒரு வாரமாகத் திறந்தே கிடந்தது என்று அவர் சொல்லிவிட்டால் பதினொரு பெயரும் செல்லாது; சுகதன் சேட்டன் புத்தகத்தை விரிப்பார்; போட்டி ரத்து. முறைப்படி பார்த்தால் அதுதான் சரி. ஆனால் அப்படிச் சொன்னால், நடிகர் திறந்துவைத்தது எதை? அந்த ரிப்பன் எதற்கு? ரோஜாப்பூ எதற்கு? ஒன்பது வாழ்த்துரை யாருக்கு? ஏற்கெனவே திறந்திருந்த ஒன்றைத் திறக்க ஒரு கலெக்டரை, சீரியலிலாவது கலெக்டரை, எண்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் வரவழைத்தவர் என்று ஊர் அவரை எத்தனை ஓணத்துக்குச் சொல்லும்?

லின்ஸி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பந்தலுக்கு வெளியே நின்ற ஓமனச் சேச்சிதான் கைகளை வாயில் குவித்துக் கூப்பிட்டாள்.

"என்ன சாரே யோசனை? குக்கரா, கிடாவா?"

சார் எழுந்தார். மைக்கைச் சுகதன் சேட்டன் கையிலிருந்து மெதுவாக எடுத்தார்.

"அன்புள்ள நாட்டாரே! நம்ம கலெக்டர்... நம்ம நடிகர் சார் தன் கைராசியான விரலால் இந்த வெப்சைட்டைத் திறந்துவைத்த அரை நிமிஷத்துக்குள்ளே, பதினொரு பெண்கள் அணி! நான் கேட்கிறேன், இந்த மலைப்பகுதியில் இதுவரை எந்தத் திறப்பு விழாவுக்காவது இப்படி ஒரு பலன் கிடைத்திருக்கிறதா?"

இல்லை என்று கூட்டம் கத்தியது. நடிகர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். அன்று சாயங்காலம் முழுவதும் அந்தக் கையை அவர் பையில் விடவே இல்லை.

கமிட்டி ஏழு மணிக்குக் கூடியது. சுகதன் சேட்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இட்டிச்செறியா சார் தீர்மானப் புத்தகத்தை இழுத்து, எழுதியிருந்த வரியைச் சிவப்பு மையில் நேர்கோடாக அடித்து, மேலே 'பதினொரு அணிகள். போட்டி உண்டு. பரிசு கிடா' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, தன் சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். ஓய்வுபெற்ற ஒருவர் சட்டைப்பையில் ஏன் முத்திரை வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. முத்திரை விழுந்த பிறகு கல்லேப்பாறையில் யாரும் எதையும் கேட்பதில்லை.

போட்டி நடந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் இறுதி வரை போனார்கள். இறுதியில் மீன் சந்தை அணி அவர்களைப் பூக்களம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிடா பக்கத்து ஊருக்குப் போனது. நேந்திரங்குலை கல்லேப்பாறையில் தங்கியது. "எடையை எழுதியிருந்தாளுங்களே, நாமதான் படிக்கல," என்று ஓமனச் சேச்சி பழம் உரித்தபடி சொன்னாள். லின்ஸியின் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. பட்டன்கள் செய்த விரலால் அவள் அதைத் தொட்டுத் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் காலையில் அவள் போன் அடித்தது.

"மோளே, வெப்சைட் பிரமாதம். ஒரே ஒரு சின்ன மாத்தம்."

"சொல்லுங்க சாரே."

"அந்தப் பூ கொட்டுற பட்டன் இருக்கே, அதை எடுத்துடாத. முதல்ல அதுதான் வரணும். ராசியான பட்டன்."

ஆகவே இன்றைக்கும் ஐக்கியத்தின் வெப்சைட்டுக்குப் போகிறவர், பஸ் நேரம் பார்க்கப் போனாலும் சரி, ரத்தம் கொடுப்பவர் நம்பர் தேடிப் போனாலும் சரி, முதலில் அந்த அப்பளத்தை அழுத்தி, இருபது விநாடி பூமாரியில் நின்று, வெப்சைட்டை முறைப்படி திறந்துவைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். இதுவரை நாலாயிரத்துச் சொச்சம் முறை திறந்துவைக்கப்பட்டிருக்கிறது. நானே பதினேழு முறை திறந்துவைத்திருக்கிறேன். என் படம் முதலில் வருகிறதா என்று பார்ப்பதற்காக அல்ல. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இட்டிச்செறியா சாரை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கோ, ஆண்டுவிழாக் குழுவுக்கோ யாரோ ஒருத்தி இரண்டு நாளில் செய்து கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு..." என்று நீங்கள் இழுத்ததே இல்லையா? போகட்டும், அவ்வளவு தூரம் போகவேண்டாம். இதோ, இந்தக் கட்டுரையை முடிக்கும்போது, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நடுப்பகுதியில் மட்டும் ஒரே ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கலாம் என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால் தயங்க வேண்டாம். உங்கள் புகைப்படம் ஒன்றை அனுப்பிவையுங்கள். தோளில் யார் கையும் இல்லாத படமாக இருந்தால் நல்லது.